கழுவிக்கொண்டே வந்த வழி

ஞாயிற்றுக்கிழமை மதியம், துறைமுகத்தில் சேற்றுப் படகு ஓட்டுகிற ஸ்கேல் சாப்பிட உட்கார்ந்து, முதல் பிடியை வாயில் வைப்பதற்குள் மச்சான் வந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. கையில் மூடியில்லாத வாளி. அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், தட்டுக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவே, மேசை அதிர வைத்தார். உள்ளே கன்னங்கரேலென்று சேறு. எரிந்த எண்ணெயும் பெயிண்டும் கலந்த வாடை அந்தச் சின்ன அறையை ஒரு நொடியில் நிரப்பிவிட்டது.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க. உங்க கையால போட்டதுதானே!”

ஸ்கேலின் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “என்னண்ணா இது? சாப்பிடற இடத்துல கொண்டுவந்து...”

“நீ சும்மா இரு. நான் சிப்பி வளர்க்கிற ஒரு கயித்துல இருந்து வழிச்சது இது. ஒரே ஒரு கயிறு. உள்பக்கம் நாலு வரிசைச் சிப்பியும் செத்துப்போச்சு, வாயப் பொளந்துகிட்டுத் தொங்குது. உன் வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகச் சோம்பல்பட்டு, பாதி வழியிலேயே கொட்டிட்டு வந்துடறாரு. நான் புகார் எழுதிக் குடுத்துட்டேன். புதன்கிழமை விசாரணை. அங்க வந்து வாயத் தொறக்கட்டும்.”

ஸ்கேல் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபக்காரர், வாயாடி, யாரையும் மதிக்காதவர் என்று. எல்லாம் உண்மை. ஆனால் பாதி வழியில் கொட்டுகிறவர் என்று மட்டும் சொல்லக் கூடாது. துறைமுகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர் வந்ததே அதனால்தான். பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் ஸ்கேல் மாதிரி மனுஷன் ஒரு மில்லிமீட்டர் வளைய மாட்டார் என்று கிண்டலுக்கு வைத்த பெயர். வைத்தவர்கள் கிண்டலை மறந்துவிட்டார்கள். இவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

“கொட்டுற எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிடி சேறு என் பார்ஜ்ல இருந்து விழுந்துச்சுன்னு நிரூபிங்க. அன்னைக்கே ஸ்டியரிங்க விட்டு இறங்கிடறேன். நிரூபிக்க முடியலைன்னா அந்த வாளியைத் தலையில கவுத்துக்கிட்டுத் துறைமுகத்தச் சுத்தி வரணும். சம்மதமா?”

“இறங்கித்தான் ஆகணும் நீங்க. சேறு அள்ளுறவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

இருபத்திரண்டு வருடம் முந்தைய பேச்சு அது. இருபத்திரண்டு வருடமும் இரண்டு வீட்டிலும் யாரும் அதை ஆறவிடவில்லை. மச்சான் போன பிறகு ஸ்கேல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். சாப்பாடு தொட்டது தொட்டபடி கிடந்தது.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தச் சண்டை புரியாது. துறைமுகத்துக்கு அடியில் சேறு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அள்ளாவிட்டால் பெரிய கப்பல்கள் தரைதட்டி நின்றுவிடும். தோண்டும் கப்பல் ஒன்று இரவு பகலாக அள்ளி, பக்கத்தில் நிற்கும் பார்ஜில் கொட்டும். பார்ஜ் என்பது அடியில் கதவு வைத்த மிதக்கும் தொட்டி, அதற்குமேல் ஒரு மண்ணும் இல்லை. தொட்டி நிறைந்ததும் ஸ்கேல் அதை ஆழ்கால்வாய் வழியாகப் பதினெட்டு கிலோமீட்டர் வெளியே ஓட்டிப் போவார். அங்கே நான்கு மஞ்சள் மிதவைகள் கட்டிய ஒரு சதுரம். அதற்குள் நுழைந்ததும் கதவைத் திறப்பார், சேறு கடலுக்குள் இறங்கும். கதவு திறக்கும் நொடியில் பார்ஜ் எங்கே நிற்கிறது என்பதை ஒரு கருவி தானாகப் பதிந்துகொள்ளும். அதை யாரும் மாற்ற முடியாது. ஸ்கேலுக்கு அந்தக் கருவியின் மேல் பெற்ற பிள்ளையின் மேல் இருக்கும் நம்பிக்கை.

திரும்பும்போது பாரம் இல்லை, ஆழமும் தேவையில்லை. அதனால் கரையோரக் குறுக்கு வழியாக வருவார். அந்த வழியின் ஓரத்தில்தான் மச்சானுடைய சிப்பிக் கயிறுகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன.

இதில் ஸ்கேலின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. முன்பெல்லாம் பார்ஜ் கரைக்கு வந்ததும் நான்கு பேர் தொட்டிக்குள் இறங்கி, சுவரில் ஒட்டியதை மண்வெட்டியால் சுரண்டிக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். முக்கால் மணி நேரம் போய்விடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஸ்கேல், கதவை முழுக்க மூடாமல் ஒரு சாண் திறந்து வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். ஓடுகிற வேகத்தில் கடல் தண்ணீர் உள்ளே புகுந்து சுழன்று, தொட்டியைத் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி ஆக்கிவிட்டது. ‘கழுவிக்கிட்டே வர்றது’ என்று அதற்குப் பெயர். மற்ற பார்ஜ்காரர்களும் பழகிக்கொண்டார்கள். கம்பெனி அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது. கண்ணாடி போட்டு, வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நடைக்குறிப்பு நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒத்திகை பார்த்தார். மனைவி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நீதிமன்றத்தில் நிற்பவர் போல எழுந்து நின்று வாசித்தார்.

“ரிப்பேர் யார்டு வேலை, நடை எண்ணூத்தி நாப்பத்தொண்ணு. கெளம்பும்போது பார்ஜ் தண்ணிக்குள்ள அமுங்கியிருந்தது மூணு புள்ளி நாலு மீட்டர். கொட்டின எடம், நாலு மிதவைக்கு நடுவுல. கொட்டினப்புறம் அமுங்கினது ரெண்டு புள்ளி ஒண்ணு. கரைக்கு வந்தப்ப ஒண்ணு புள்ளி நாலு. எப்படி? ஒரு எடத்துலயாவது அடித்தல் திருத்தல் இருக்கா?”

“ஏங்க,” என்றாள் அவள், ஒரு தலையணை உறையை நீவிக்கொண்டே. “எல்லாத்தையும் கொட்டியாச்சுன்னா அப்பவே ஒண்ணு புள்ளி நாலுதானே இருக்கணும்?”

“என்ன?”

“இல்ல, கொட்டினப்புறம் ரெண்டு புள்ளி ஒண்ணு. கரைக்கு வந்தா ஒண்ணு புள்ளி நாலு. நடுவுல எது இறங்குச்சு?”

“ஒட்டினது இருக்கும்டி. சேறுன்னா ஒட்டாதா? அதான் கழுவிக்கிட்டே வர்றோமே.”

“அவ்வளவா ஒட்டும்?”

ஸ்கேலுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. “உங்கண்ணன் சொல்லிக் குடுத்து அனுப்பினானா இதை?” என்று கத்தினார். “சோறு இங்க, விசுவாசம் அங்கயா?” அவள் மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்பட்டிருந்தது, பரிமாற ஆள் வரவில்லை.

அந்த மூன்று எண்களையும் அவர்தான் தினமும் தன் கையால் எழுதுகிறார். தினமும் பார்க்கிற ஒன்றை மனிதன் பார்ப்பதே இல்லை. அவருக்கு முதல் எண் புறப்பாடு, இரண்டாவது கொட்டியாயிற்று, மூன்றாவது வீடு வந்தாயிற்று, அவ்வளவுதான். அவை மூன்றும் எடை என்பது அவர் மண்டைக்கு ஏறியதே இல்லை. எட்டாவது வரை படித்த அவர் மனைவிக்குத் துணி மடிக்கிற நேரத்தில் ஏறிவிட்டது. பழைய நோட்டுகளை இழுத்துப் போட்டுப் பார்த்தார். மணல் அள்ளிய வருடங்களில் கொட்டினதும் ஒன்று புள்ளி ஐந்து, கரையில் ஒன்று புள்ளி நாலு. மணல் ஒட்டாது, ‘சர்’ரென்று இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கப்பல் ரிப்பேர் யார்டுக்கு அடியில் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்துதான் இந்த இரண்டு புள்ளி ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை நடையில் நான்கு மிதவைகளுக்கு நடுவே கொட்டிவிட்டு, ஸ்கேல் கதவை முழுக்க மூடச் சொன்னார்.

“கழுவ வேண்டாமாண்ணே?” என்று கேட்டார் என்ஜின்காரர்.

“மூடுன்னா மூடு.”

பார்ஜ் வயிறு முட்டத் தின்றதைப் போல ஊர்ந்து வந்தது. என்ஜின்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், டீசல் தீர்கிறது, சூடு ஏறுகிறது என்று. கரையில் கட்டியதும் ஸ்கேல் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் ஓட்டை விழுந்து, இரண்டு பக்கச் சரிவிலும் களிமண் அப்பிக்கொண்டு, வெயிலில் பளபளத்தது. அதில் வெல்டிங் குச்சிகள் துருத்திக்கொண்டு நின்றன. சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் செதில்கள் சேறு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அந்தப் பெயிண்ட் எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருப்பதற்காகவே விஷம் கலந்து பூசுவார்கள். சிப்பியைக் கொல்வதுதான் அதன் ஒரே வேலை. யார்டில் அதைச் சுரண்டித் தண்ணீரில் தள்ளுவார்கள், புதுசு பூசுவார்கள். சுரண்டியதெல்லாம் அடிச்சேற்றில் போய் உட்காரும். அந்தச் சேற்றைத்தான் இவர் எண்ணூற்றுச் சொச்சம் நடை, ஒரு சாண் கதவு வழியாக, மச்சானின் கயிறுகளுக்குப் பக்கத்தில் தூவிக்கொண்டே வந்திருக்கிறார்.

“அண்ணே, இவ்வளவா நாம...” என்று ஆரம்பித்த என்ஜின்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஸ்கேல் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினார்.

“நம்ம லைசென்ஸ்ல என்ன இருக்கு? கதவு எங்க திறக்கணும்னு இருக்கு. எங்க திறந்தோம்? சரியான எடத்துல திறந்தோம். எங்க மூடணும்னு ஒரு வரி இருக்கா? காட்டுங்க பார்ப்போம்.”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு வம்ப விலைக்கு வாங்கறீங்க? நாளைக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த ஆள் உங்களைத் திருடன்னு எழுதிக் குடுத்திருக்கான், ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இல்லாமலா? அன்று இரண்டாவது நடையிலும் கதவை மூடியே வந்தார். நான்கு பேரைத் தொட்டிக்குள் இறக்கிச் சுரண்ட வைத்தார். அவர்கள் அவர் காதுபடவே வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மச்சான் சொன்னது பொய் என்பது அவருக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவே இருந்தது. வழியில் கொட்டவில்லை, இது சத்தியம். அந்த ஆள் குற்றம் சாட்டியது வேறு, நடந்தது வேறு. தப்பான குற்றச்சாட்டுக்கு எதற்காக நாமே போய்ச் சரியான பதிலைத் தேடிக் கொடுக்க வேண்டும்? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தார்.

புதன்கிழமை விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேலே மின்விசிறி ஒன்று கடகடத்தது. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அவருக்குப் பக்கத்தில் மீன்வளத்துறையிலிருந்து வந்த ஒருவர், போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மச்சான் முன்வரிசையில். ஸ்கேலும் மேனேஜரும் எதிர்ப்பக்கம். ஸ்கேலின் மனைவி யார் பக்கமும் இல்லாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் எழுந்ததும் பேச்சு ஏச்சாகவே போயிற்று. “பட்டப்பகல்ல வழியிலயே கொட்டறாங்கம்மா! இவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்தான், அதுக்காக நான் பொய் சொல்ல முடியுமா? காத்து கொஞ்சம் வீசினாப் போதும், பயந்துகிட்டுப் பாதியில கவுத்துட்டுத் திரும்பிடுவாரு.”

“கண்ணால பாத்தீங்களா?”

“பாக்கணுமா? என் கயித்தப் பாருங்க!”

மேனேஜர் கருவியின் பதிவுத்தாள்களை நீட்டினார். அதிகாரி அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாப் புள்ளிகளும் அந்த நான்கு மிதவைகளுக்குள்ளேயே, கூட்டை விட்டு வெளியே வராத குஞ்சுகள் மாதிரி அடைந்து கிடந்தன.

“ஒண்ணுகூட வெளிய இல்லையே,” என்றார் அவர். “புகார் நிரூபிக்கப்படலைன்னுதான் எழுத வேண்டியிருக்கு.”

மச்சானின் முகம் செத்துப்போயிற்று. இருபத்திரண்டு வருடமாக ஸ்கேல் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பத்து நொடி இருக்கும், அந்தப் பத்து நொடியும் அவருக்குத் தித்திப்பாகவே இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். அப்புறம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி அவரைப் பார்த்தாள். இனி வீட்டிலும் இப்படித்தான் பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அது பொறுக்கவில்லை. ஸ்கேல் என்ற பெயரை வைத்துக்கொண்டு வளைந்து உட்கார்ந்திருப்பதும் பொறுக்கவில்லை.

“அம்மா, ஒரு நிமிஷம்.” மேனேஜர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டார். “வழியில கொட்டல. அந்த ஆள் சொல்றது சுத்தப் பொய். ஆனா கதவ மூடல. வர்ற வழியெல்லாம் திறந்துவெச்சுக் கழுவிக்கிட்டே வருவோம். ரிப்பேர் யார்டு சேறு ஒட்டும். மூணுல ஒரு பங்கு தொட்டியில நின்னுடும். அது பூரா திரும்பி வர்ற வழியில, கரையோரமா, கயித்துப் பக்கத்துலதான் எறங்கியிருக்கு. நேத்துத்தான் மூடிப் பாத்தேன். அளவு எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. சொன்னபடி நான் ஸ்டியரிங்க விட்டு எறங்கிக்கிறேன்.”

நோட்டை அதிகாரி அம்மாளின் முன்னால் வைத்தார். ஸ்கேல் தலை நிமிர்ந்து நின்றார். வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்திலும் அவர் மச்சானிடமிருந்து ஒரு வார்த்தையை எதிர்பார்த்தார். நன்றி என்று இல்லாவிட்டாலும், ஒரு ‘சரி’யாவது.

போனைத் தேய்த்துக்கொண்டிருந்த மீன்வளத்துறைக்காரர்தான் முதலில் நிமிர்ந்தார். “ரிப்பேர் யார்டு சேறா? பெயிண்ட் எல்லாம் கலந்ததா? எத்தனை நாளா விழுது?”

“ரெண்டு வருஷமா.”

அவர் அதிகாரி அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அம்மாள் தலையசைத்தார். “அப்படின்னா இந்த நிமிஷத்துல இருந்து அந்த எடத்துல யாரும் சிப்பி எடுக்கக் கூடாது. விக்கக் கூடாது. மண்ணையும் சிப்பியையும் சோதிச்சுப் பாக்கணும்.”

“எத்தனை நாளைக்குங்க?” என்றார் மச்சான்.

“நாளா? அந்தச் சேறு அங்கேயே கிடக்குமே. வருஷக்கணக்குல ஆகும்,” என்றார் மீன்வளத்துறைக்காரர். “வெளி வரிசை, உள் வரிசை எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.” மேனேஜரைப் பார்த்து அம்மாள் வேறு ஏதேதோ கேட்க ஆரம்பித்தார், இனிமேல் கதவை எங்கே மூடுவது என்று.

வராந்தாவில் மச்சான் ஸ்கேலின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

“ஒரு வாரம்யா! ஒரே ஒரு வாரம்! வெளி வரிசை ஆறும் உயிரோட நிக்குது. அடுத்த புதன்கிழமை எடுக்கறதா இருந்தேன். வழியில கொட்டினேன்னு ஒத்துக்கிட்டிருந்தா வழிய மாத்தியிருப்பாங்க, அதோட போயிருக்கும். இல்ல, வாய மூடிக்கிட்டாவது கிடந்திருக்கலாம். இப்ப மொத்தத்துக்கும் சீல் வெச்சுட்டியே! உன் பேரக் காப்பாத்திக்க என் கடல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியேய்யா!”

ஸ்கேல் கையை விலக்கவில்லை. பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்பது அவர் நெஞ்சுக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை. “அந்த வெளி வரிசையும் அதே தண்ணியிலதானே வளர்ந்துச்சு? அதையா சந்தைக்கு அனுப்பப் பாத்தீங்க?”

“உயிரோட இருக்குற சிப்பிக்கு என்ன வந்துச்சு? எல்லாரும் வாங்கித்தான் தின்னாங்க. எவன் செத்தான்?”

அதற்குள் தங்கை வந்து அண்ணனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். காலரிலிருந்து கை விடுபட்டது. அவள் முழங்கையை விடாமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அண்ணா, உங்க வீட்ல அதைச் சமைக்கிறீங்களா?”

மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பைப் பார்த்தார்.

“அண்ணி சமைக்கிறாங்களா? பிள்ளைங்களுக்குக் குடுக்கறீங்களா?”

“சின்னவனுக்கு... வயித்துக்கு ஆகல. ஒரு வாடை வேற வந்துச்சு.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “நாலு மாசமா நாங்க எடுத்துக்கறதில்ல.”

“நாலு மாசமா எடுத்ததெல்லாம் எங்க போச்சு?”

சந்தைக்குத்தான் போயிற்று என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் அண்ணனின் முழங்கையை விட்டாள். விட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஸ்கேல் ஒரு அடி முன்னால் வந்தார், வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல. அவள் அவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேரையும் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.